ஒய் ஒய் என் அக்கா

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், கம்ப்யூட்டர் திரையை நிமிர்ந்து பார்க்காமலே இருபத்திரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்தான். எஸ்டேட் என்ன, தேசத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் பந்தயம் கட்டுவேன்.

அவருக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் கம்பெனியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. 'ஒய் ஒய் என் அக்கா' என்று சொன்னால் கேட்டில் படுத்திருக்கும் நாய்கூட சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறைப் பக்கம் தலையைத் திருப்பும். நான் முதல் நாள் போனபோது வாட்ச்மேன், "டெஸ்பாட்ச்சா? நேரா போ. ஒய் ஒய் என் அக்கா குந்திகினு கீது" என்றார். மனிதருக்கு வாய் குழறுகிறது, தன் சொந்த அக்காவைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, உங்கள் அக்காவும் இங்கேதான் வேலை செய்கிறாரா என்று மரியாதையாக விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நோட்டில் என் பெயருக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார்.

நானும் சதீஷும் மண்ணூர்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே சின்னதாக மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். கம்பெனிகளில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளை, இன்டர்நெட்டில் எங்கிருந்தும் திறக்கிற மாதிரி புதிதாக எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். சதீஷ் பூந்தமல்லிக்காரன். புரோகிராம் எழுதும்போது வாயே திறக்க மாட்டான். மற்ற நேரங்களில் மூட மாட்டான்.

எங்களைக் கூப்பிட்ட கம்பெனி, பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்வது. அதன் முதலாளிக்கு இரண்டு கவலைகள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மின்னும் அந்தப் பழைய மென்பொருள், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடியது. அது ஒருநாள் படுத்துவிட்டால் எழுப்புவதற்கு ஆள் கிடையாது. எழுதியவர் வெளிநாடு போய், அவருடைய போன் நம்பரும் செத்துவிட்டிருந்தது. இரண்டாவது கவலை இன்னும் பெரியது. பாதிக்கும் மேல் சரக்கு வாங்கும் ஒரு பம்பு கம்பெனி, லாரி கிளம்பிய நிமிடமே எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற விவரம் தங்கள் வெப்சைட்டுக்கு வந்துவிட வேண்டும், ஆயுத பூஜைக்குள் அந்த ஏற்பாடு இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அந்த ஆர்டர் போனால் தொழிற்சாலையில் பாதி மெஷின்கள் நின்றுவிடும்.

ஆகவே நாங்கள் நோட்டும் பேனாவுமாக டெஸ்பாட்ச் அறைக்குப் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, கழுத்தில் ஜெபமாலையோடு, ஜன்னல் வழியே லாரியில் பெட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் மட்டும் கீபோர்டில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. மானிட்டர் மேல் அவருடைய நாத்தனார் பின்னிக் கொடுத்த பூப்போட்ட உறை. தூசிக்காக மூடி, வேலை செய்யும்போது கழற்றுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கழற்றவே இல்லை.

"அத்தப் பாத்தா கண்ணு வலிக்குது தம்பி. லாரியப் பாத்தா வேல நடக்குது" என்றார்.

டெஸ்பாட்ச் எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பன்னெண்டு போட்டு, பார்ட்டி நம்பர் போட்டு, ஒய், ஒய், என், ஒய்" என்றார். ஒய் என்றால் எஸ், என் என்றால் நோ, அதுவரை புரிந்தது; எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னால் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, "ஒய்... ஒய்... என்... ஒய்" என்று இடைவெளி விட்டு மறுபடி சொன்னார்.

தப்பு நடந்தால் எப்படித் தெரியும்? காதால்தான். அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறை 'பீப்' என்றால் சரக்கு கையிருப்பில் இல்லை. இரண்டு முறை என்றால் பார்ட் நம்பர் தப்பு. நீளமாக ஒன்று என்றால் பிரிண்டருக்குப் போய்விட்டது. ஆவடி சேக்காட்டிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் அவர். கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அங்கே நாள் முழுக்க இரைச்சலில் நின்று அவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றும், வீட்டில் இரண்டு பேர் காதும் தன்னிடம்தான் இருக்கிறது என்றும் அக்கா சொல்வார்.

ஒரு டெஸ்பாட்ச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, ஒரு 'மரியே வாழ்க' என்றார். ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே தட்டுவார். ஜெபம் முடியும்போது பிரிண்டர் கத்த ஆரம்பிக்கும்.

இரண்டு மாதம் உழைத்து முதல் வடிவத்தைக் கொண்டுபோனோம். நீல நிறத்தில் மேல்பட்டை, தொட்டால் விரியும் பட்டியல்கள், வட்ட வட்டமாகப் படங்கள். முதலாளி தன் போனிலேயே திறந்து பார்த்து அகமகிழ்ந்தார். அக்காவிடம் மவுஸைக் கொடுத்தோம். வாங்கி, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"ஒரு கையில லாரிக்காரன் சீட்டு. ஒரு கையில கீபோர்டு. இந்த எலியப் புடிக்க மூணாவது கைக்கு ஆர்டர் குட்த்துட்டு வாங்க" என்றார்.

கெஞ்சி டிராயரைத் திறக்க வைத்து, ஒரு டெஸ்பாட்ச் போடச் சொன்னோம். நாலரை 'மரியே வாழ்க' ஆனது. கடைசி அரை ஜெபத்தை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த வாரம் குறைப்பட்டியல் ஒன்று வந்தது. பிரிண்டர் பேப்பரைக் கிழிக்காமல், மடிப்பு மடிப்பாக, அதன் முதுகில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். சதீஷ் எங்கள் ஆபீஸ் மாடிப்படியின் உச்சியில் நின்று அதைப் பிரித்தான். மறுமுனை பேக்கரி வாசலில் போய் நின்றது. பேக்கரிக்காரர் கடைசிக் குறையைச் சத்தமாகப் படித்து, அது நியாயம்தான் என்றார்.

அந்தப் பட்டியலில் முதல் குறை, மூன்றாவது கேள்வியைக் காணோம் என்பது.

பழைய மென்பொருள் நான்கு கேள்வி கேட்கும். மூன்றாவது கேள்வி 'எம்.பி.?' என்று மொட்டையாக இருக்கும். இருபத்திரண்டு வருடமும் அதற்கு அக்கா சொன்ன ஒரே பதில் 'என்', அதாவது வேண்டாம். எம்.பி. என்றால் என்ன? முதலாளிக்குத் தெரியவில்லை, தரம் பார்க்கிறவருக்கும் தெரியவில்லை. பழைய புரோகிராமிலும் ஒரு விளக்கமும் எழுதியிருக்கவில்லை. எப்போதும் ஒரே பதில் என்றால் அது கேள்வியே இல்லை என்று சதீஷ் தீர்மானித்தான். நானும் தலையாட்டினேன். தூக்கிவிட்டோம்.

"அது இன்னான்னு உனக்குத் தெரியுமாக்கா?" என்று சதீஷ் கேட்டான்.

"தெரியாது."

"அப்பறம் இன்னாத்துக்குக்கா அது?"

"தெரியாதுப்பா. ஆனா என்."

இதற்கு மேல் வாதம் செய்ய இடமில்லாததால், மற்றக் குறைகளில் பாதியைச் சரிசெய்துவிட்டு, மூன்றாவது கேள்வி இல்லாமலே வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தோம்.

அன்று மதியம் முதலாளி, நான், சதீஷ் எல்லோரும் டெஸ்பாட்ச் அறையில் நின்றோம். பம்பு கம்பெனிக்கு ஏழு வகை வளையங்கள் போக வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அக்கா புது மென்பொருளில் விவரத்தைப் போட்டார். பழைய பிரிண்டர் க்ரீச் க்ரீச்சென்று பெட்டிப் பட்டியலை அடித்தது. சீட்டைக் கிழித்து ஆட்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெட்டிகள் ஏறின. பம்பு கம்பெனியின் வெப்சைட்டில் விவரம் போய் உட்கார்ந்துவிட்டதாக என் லேப்டாப் சொன்னது. முதலாளி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்கா மட்டும் நாற்காலியில் அசையாமல் இருந்தார். உதடு எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. திடீரென்று எழுந்து வெளியே நடந்தார். அவர் வேகமாக நடந்து அதுவரை யாரும் பார்த்ததில்லையாம். லாரி புகை விட்டுக்கொண்டு நகர ஆரம்பித்திருந்தது. அதற்கு நேர் எதிரே போய், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டி நின்றார்.

டிரைவர் ஹாரன் அடித்தார். முதலாளி ஓடினார். பின்னால் நாங்கள்.

"வண்டிய ஏம்மா நிறுத்துன?"

"எட்டு வரி ஓடிச்சு சார்."

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். ஏழு வகை என்றால் பிரிண்டர் ஏழு தடவைதான் க்ரீச்ச வேண்டும். எட்டு தடவை க்ரீச்சியது. எங்கோ ஒரு வகை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பெட்டிகளை இறக்கினால்தான் லாரி போகும் என்றார். முதலாளி மணியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தபடி நின்றார்.

இறக்கினார்கள். நான்காவது பெட்டியில் விஷயம் அகப்பட்டது. ஒரே அளவு வளையங்கள்தான், ஆனால் இரண்டு வெவ்வேறு நாள் போட்ட ரப்பர் கலவை. ஒவ்வொரு கலவைக்கும் மென்மை சற்று மாறும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்ச் நம்பர் உண்டு. ஒரே பெட்டியில் இரண்டையும் கலந்து அனுப்பினால், எந்தப் பம்பு ஒழுகும், எது ஒழுகாது என்று வாங்குகிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, 'எம்.பி.' என்பது 'மிக்ஸ் பேட்ச்'. கலக்கலாமா என்ற கேள்வி. நாங்கள் கேள்வியை எடுத்தபோது, பதில் தராவிட்டால் 'ஒய்' என்றே எடுத்துக்கொள்ளும்படி பழைய புரோகிராமில் ஒளிந்திருந்த ஏற்பாடு அப்படியே எங்களுடையதிலும் தங்கிவிட்டது.

அக்கா அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் ஞாபகம் வருது. நான் சேந்த புதுசுல ஒரு லோடு மொத்தமும் திரும்பி வந்துச்சு. அந்த புரோகிராம் எழுதுன தம்பிதான் சொன்னாரு, இனிமே இதுக்கு எப்பவும் என் போடுங்கன்னு. அப்பறம் ஏன்னு மறந்துட்டேன். என் மட்டும் மறக்கல."

தப்பு எங்களுடையது என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். சதீஷ் முதல்முறையாக, புரோகிராம் எழுதாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றான். முதலாளி நிதானமாகத்தான் சொன்னார். பழையதே ஓடட்டும், பம்பு கம்பெனியிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுப் பார்க்கிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றார். நான் லேப்டாப்பை மூடினேன். அக்கா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"பழசு வேணாம் சார்" என்றார் அக்கா.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

"நானே ஏன்னு மறந்துட்டேன். நாளைக்கு நான் வரலன்னா, என் போடணும்னு யாருக்குத் தெரியும்? அதுல எழுதியே வெக்கல. இவுங்க எழுதி வெப்பாங்க. இவுங்களே முடிக்கட்டும். முடிக்காம நான் உடமாட்டேன்."

கடைசி வாக்கியத்தை அவர் எங்களைப் பார்த்துச் சொன்னார். மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.

விடவும் இல்லை. அடுத்த பதினோரு நாளும் காலை எட்டரைக்கு அவர் மேஜைப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூல் போடப்பட்டிருக்கும். ஆபீசில் சதீஷ், மவுஸே இல்லாமல் எல்லா வேலையும் கீபோர்டிலேயே நடக்கும்படி எழுதி எழுதி அனுப்பினான். ஒரு பட்டனைக் கூடுதலாக அழுத்தும்படி இருந்தால் அக்கா விரலை உயர்த்திக் காட்டுவார். நான் போன் போடுவேன். அந்தப் பட்டன் மறைந்துவிடும்.

பீப் சத்தம்தான் எங்களை அழ வைத்தது. பிரவுசரில் சத்தம் வருகிற மாதிரி பலவிதமாகச் செய்து போட்டுக் காட்டினோம். ஒன்று ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்று கோயில் மணி, அதைக் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது என்றார். மூன்றாவதைக் கேட்டுவிட்டு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கடைசியில் சதீஷ் பழைய கம்ப்யூட்டரின் பக்கத்தில் போனை வைத்து, வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டி, அதனுடைய சொந்தக் குரலையே பதிவுசெய்தான்.

"சத்தம் எப்டிக்கா கீது?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"இது சரி" என்றார் அக்கா. மூன்று மாதத்தில் நாங்கள் வாங்கிய முதல் 'சரி' அது.

மூன்றாவது கேள்வி திரும்பி வந்தது. இப்போது மொட்டையாக இல்லை. 'ஒரே பெட்டியில் இரண்டு பேட்ச் கலக்கலாமா?' என்று தமிழில் முழுதாக வரும். ஏன் கலக்கக் கூடாது என்ற காரணம் அதன் கீழேயே இரண்டு வரியில் இருக்கும். அந்த இரண்டு வரியை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழையும் கண்டுபிடித்தார்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் முன்னால், மானிட்டர் உறையைக் கழற்றாமல், ஜன்னலைப் பார்த்தபடி, ஏழு வகைச் சரக்கையும் போட்டார். பிரிண்டர் ஏழு தடவை க்ரீச்சியது. லாரி போனது. ஆர்டரும் தங்கியது. அக்கா அடுத்த லாரியின் சீட்டை வாங்கிக்கொண்டார்.

போன வருடம் பூந்தமல்லியிலிருந்து ஒரு உதிரிபாகக் கம்பெனிக்காரர் எங்களைத் தேடி வந்தார். அவர்களிடமும் ஒரு பழைய மென்பொருள், அதே கறுப்புத் திரை. எங்களை எப்படித் தெரியும் என்று கேட்டேன். எங்கள் வெப்சைட்டைப் பார்த்திருப்பார் என்று ஒரு நப்பாசை. இல்லையாம். அவருடைய மனைவியும் அக்காவும் ஒரே மாதா கோயிலாம்.

"அந்தம்மா சொன்னாங்க. மண்ணூர்பேட்டையில ரெண்டு பசங்க கீறாங்க, எவ்ளோ திட்டுனாலும் கோச்சிக்காம குந்தி கேப்பாங்க, நம்ம பசங்கன்னு."

எனக்கு நாற்பத்திரண்டு வயது. சதீஷுக்குப் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், புது வேலை கிடைத்ததை என் மனைவியிடம் இரண்டாவதாகத்தான் சொன்னேன்.