அஸ்ரியாவுக்குத் தெரிய வேண்டாம்

மாம்புரி,
ஞாயிறு பின்னேரம்.

என்றும் மதிப்புக்குரிய ஹஃபீலா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் மகள் நஸ்ஹாவும் மகன் ஸப்ராஸும் சுகம். கரைத்தீவில் நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். போனில் குரல் பதிவு அனுப்பப் போனால் என் விரல் எப்போதும் குடும்பக் குழுவைத்தான் தொடும். போனமுறை உங்கள் வாப்பாவின் குறட்டையைப் பற்றி நான் சொன்னது உங்கள் வாப்பாவுக்கே போய்ச் சேர்ந்தது. அதனால் நாளை அந்தப் பக்கம் வரும் மரக்கறி லொறியில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை அஸ்ரியா கொழும்பிலிருந்து உங்களோடு பேசுவாள். "புள்ளைகள் எப்பிடி லாத்தா?" என்று கேட்பாள். நல்லா ஈக்கிறாங்க என்று மட்டும் சொல்லுங்கள். பாலர் பாடசாலை ஆசிரியைக்கான இந்தப் பயிற்சியைப் போன வருடமும் தொடங்கி, ஸப்ராஸுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்ட அன்றே பாதியில் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவள் உங்கள் தங்கச்சி. இந்த முறையும் விட்டால் இனி எடுக்க மாட்டார்களாம். இன்னும் இரண்டு கிழமைதான். என்னால் அது கெட்டுப்போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது என்று படிக்கத்தான் போயிருக்கிறாள். இங்கே பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

வியாழக்கிழமை நடந்ததை உங்களிடம் மறைக்கவில்லை. தூண்டிலுக்கு இரையாக வெட்டிய சாளைத் துண்டுகளையும் இறால் தலைகளையும் முதல்நாள் ஒரு நீலப் பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன், மற்றப் பெட்டிகள் எல்லாம் கழுவாமல் கிடந்தபடியால். காலையில் நஸ்ஹாவுக்கு ஒரு காலுக்குத்தான் சொக்ஸ் இருக்கிறது, ஸப்ராஸ் சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு அழுகிறான், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, வெளியே வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான், அந்த அவசரத்தில் இடைவேளைக்குப் பாண் வைத்த பெட்டியை மேசையில் விட்டுவிட்டு நீலப் பெட்டியை மகனுடைய பையில் போட்டுவிட்டேன். இடைவேளையில் டீச்சர் போன் எடுத்தார். "உங்கட மகன் சாப்பாட்டுப் பெட்டியத் துறந்ததும் பக்கத்துல இருந்த புள்ள சத்தி எடுத்திட்டு. இவரு ஒரு துண்டக் கையில எடுத்து, இது பாரை மீனுக்கு நல்லம் எண்டு மத்தப் புள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிட்டு ஈக்கிறாரு" என்றார். போய்க் கூட்டிவந்து, குளிப்பாட்டி, சிவப்பு ரீசேட் போட்டு, மகனை இருத்தி வைத்துச் சொன்னேன்: "மகன், இண்டைக்கு நடந்தத ஆருக்கும் சொல்லப்படாது. ஆரு கேட்டாலும் வாப்பாட பேர எடுக்கவே படாது." அவன் தலையாட்டினான்.

பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். பிள்ளை தூணோடு சாய்ந்து நித்திரை. தொழுது முடித்து வெளியே வந்தால் ஒருவர் படகு எஞ்சினைப் பற்றிக் கதை கொடுத்தார், கதையோடு கதையாக பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்து, சோறு தின்று, கதிரையில் சாய்ந்தேன். வீடு அப்படியொரு அமைதி. பழகிவிட்டால் பிள்ளை வளர்ப்பது பெரிய வேலையில்லை என்று கூட நினைத்தேன் மதினி. நஸ்ஹாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அப்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கேட்டது. பாங்கு சொல்லும் முஅத்தின் ஊருக்குப் புதியவர், எங்களைத் தெரியாது. "சிவப்பு ரீசேட் அணிந்த, ஆறு வயது மதிக்கத்தக்க ஆண்பிள்ளை ஒருவர் பள்ளிவாசலில் தனியாக இருக்கிறார். வாப்பாவின் பெயரைக் கேட்டால் சொல்ல மறுக்கிறார். உரியவர் உடனே வரவும்." நான் உச்சுக்கொட்டி, "புள்ளைய மறந்துட்டுப் போற வாப்பாமாரும் ஈக்கிறாங்க, பாரு" என்றேன். நஸ்ஹா பையைக் கூடக் கழற்றவில்லை. "வாப்பா, தம்பி எங்க?" என்றாள்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பில்லாமல் போயிருக்கிறேன். ஊரே பள்ளிவாசல் வாசலில் நின்றது. மகன் முஅத்தினுடைய கதிரையில் இருந்துகொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து காதுக்குள், "நான் சொல்லல்ல வாப்பா" என்றான். கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறான், ஆனாலும் சொல்லவில்லை. எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது. அத்தனை பேருக்கு முன்னால் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அன்றிலிருந்து அவன் குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்கிறேன், "வாப்பா போங்க" என்று அவனே துரத்துகிறான்.

ஒலிபெருக்கிச் சத்தம் கரைத்தீவு வரை வராது, அந்த மட்டும் அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் சொல்லாவிட்டால் அஸ்ரியாவுக்குத் தெரிய வழியே இல்லை. நஸ்ஹாவிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

மச்சானுக்கு என் சலாம். உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தைச் சொரியட்டும், உங்கள் குசினியில் ஒரு பெட்டியும் மாறிப்போகாமல் அவனே காப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் மாப்பிள்ளை,
நௌஃபர்.

பி.கு.: இதை மடிக்கும்போது அஸ்ரியா போன் எடுத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியுமாம். பெட்டிக் கதையை டீச்சர் அன்றைக்கே சொல்லிவிட்டார், பள்ளிவாசல் கதையை நஸ்ஹா சொல்லியிருக்கிறாள். நான் பயந்தபடி அவள் பஸ் ஏறவில்லை. சிரித்தாள். வகுப்பில் எடுத்துச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தும் இருக்கிறாள். "செருப்புப் போடாம ஓடினீங்களாமே. இப்பதான் எனக்கு நம்பிக்கை வந்தீக்கி. இது முடிய இன்னொரு மாசப் படிப்பும் ஈக்காம், அதையும் முடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டாள். பெருமையில் நானும் "ஓம், படி" என்று சொல்லிவிட்டேன். ஆகவே மதினி, மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். இந்த இரண்டு கிழமை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பெட்டிக் கதையைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. பிள்ளைகள் நல்லாத்தான் இருக்கிறார்கள். எனக்குத்தான் அவள் இல்லாமல் ஏலாது. ஆர் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரை எடுக்க வேண்டாம்.