கிரேன் அண்ணனும் காற்றைச் சொறிந்த ரோஸியும்

இரும்புக் கேட்டை எப்படி மூட வேண்டும் என்று ஒரு தெருவுக்கே வகுப்பெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் தம்போய் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார். கிரேன் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். கரண்டு பில் கொண்டு வருகிறவருக்கு அது தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேனை விட்டு அவர் இறங்கிவிட்டாலும் கைகள் இறங்கவில்லை. நான் காரைப் பின்னால் எடுத்தால் எங்கிருந்தோ ஓடி வந்து நடுத்தெருவில் நின்று, கையை உயர்த்தி விரலைச் சுழற்றிச் சைகை காட்டுவார். தெருவில் நடந்த ஒரு கல்யாண விருந்தில், பந்திக்கு நடுவே சாம்பார் வாளியைத் தூக்கி வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரரை மறித்து, "ஆளு தலைக்கு மேல லோடு போகக் கூடாது, சுத்திப் போங்க" என்று திருப்பி அனுப்பினார். அவரும் எதற்கு என்று கேட்காமல் சுற்றித்தான் போனார்.

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே எனக்கும் வகுப்பு நடந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்டை இழுத்து அடித்தேன். அடுத்த நிமிடம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை முளைத்தது.

"தம்பி, இழுத்து அடிக்காதீங்க லா. தூக்கணும், தள்ளணும், அப்புறம் மெதுவா இறக்கணும்."

"ஏண்ணே, கேட்டுக்கு வலிக்குமா?"

"கேட்டுக்கு இல்ல. ரோஸிக்கு."

அப்போதுதான் ரோஸியைப் பார்த்தேன். பழுப்பும் வெள்ளையும் கலந்த குட்டை நாய். காதுகள் மட்டும் பெரிய நாயிடம் கடன் வாங்கியவை. போர்ச்சில் கிடந்த ஒரு பழைய பூட்ஸின் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. அண்ணன் துறைமுகத்தில் போட்டிருந்த பாதுகாப்பு பூட்ஸ் அது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து, பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தது. ஆனால் கால் கழுத்தில் படவே இல்லை. ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றில் சர் சர் என்று சொறிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

ரோஸி அவருடைய மகள் வளர்த்த நாய். கல்யாணம் ஆகிக் கோத்தா திங்கிக்குப் போன மகள், மாமியாருக்கு நாய் ஆகாது என்று, "ரெண்டு வாரம் பாத்துக்குங்கப்பா" என்று விட்டுவிட்டுப் போனாள். அந்த ரெண்டு வாரம் முடியவே இல்லை. மனைவி காலமான பிறகு தனியாக இருந்த மனிதர், வெளியே முணுமுணுத்துக்கொண்டே உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார் என்று நினைக்கிறேன்.

காற்றைச் சொறிவதைப் பார்த்து முதலில் எல்லாரும் நாய்ப்பேன் என்றார்கள். வேப்பிலை அரைத்துக் குளிப்பாட்டினார். தூசு ஒவ்வாமை என்றார் ஒருவர்; வீட்டையே கழுவினார். கண் பட்டிருக்கும் என்றார் இன்னொருவர். நாய்க்கு உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதில் ரோஸி தும்மியதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் யாரோ கேட்டை அடித்த சத்தத்தில் துள்ளி எழுந்த ரோஸி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வீறிட்டது. அந்தச் சத்தம் அடுத்த தெரு வரை கேட்டதாம். அன்றைக்குத்தான் டாக்டரிடம் தூக்கிப் போனார்.

டாக்டர் நம்ம தமிழ்ப் பெண். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாராம்.

"அங்கிள், இதுக்கு மண்டை ஓடு சின்னது. உள்ள மூளைக்கு இடம் பத்தல. அதனால கழுத்துத் தண்டுவடத்துல நீர் கோத்துக்கிட்டு நரம்பை அழுத்துது. தோல்ல ஒண்ணும் இல்ல. நரம்புதான் வலிக்குது, அரிக்குதுன்னு பொய் சொல்லிக்கிட்டே இருக்கு."

"ஓவர்லோடு" என்றார் அண்ணன்.

"ஆமா, அப்படியே வச்சுக்குங்க. ஆபரேஷன் இருக்கு, ஆனா இந்த வயசுல எனக்குப் பயமா இருக்கு. நரம்பு வலிக்கு மாத்திரை தரேன். ஒரு நாளைக்கு மூணு வேளை. நேரம் தவறக் கூடாது, நீங்களா நிறுத்தவும் கூடாது. கழுத்துல பட்டை கட்டாதீங்க. தலையைக் கொஞ்சம் ஒசத்தி வச்சுப் படுக்க விடுங்க."

"எப்போ நல்லாவும்?"

"நல்லாவாது அங்கிள். ஆனா வலியைக் கொறைக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை ஜீரணிக்க அவருக்குப் பல மாதங்கள் ஆயின. ஆனால் வேலையை அன்றே ஆரம்பித்துவிட்டார். ரோஸியைத் தூக்குவதே ஒரு சடங்கு. ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்னால். "ஸ்லோ... ஸ்லோ... நிறுத்து... இறக்கு" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொள்வார். துறைமுகத்தில் ஷிஃப்டுக்குப் பிந்தாதவர் மாத்திரைக்கும் பிந்தவில்லை. அவித்த கோழி ஈரலை நகத்தளவு கிள்ளி, உள்ளே மாத்திரையை வைத்து மூடி உருட்டுவார். ரோஸி மெல்லவே மெல்லாது; ஒரே விழுங்கு.

எதிர்வீட்டு மலாய்க்காரர் பாக் மான் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தெரு முனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தார். நாயைத் தொடமாட்டார். ஆனால் அதன் தூக்கத்தைக் கெடுக்கவும் மாட்டார். நாங்கள் எல்லாரும் கேட்டைத் தூக்கி, தள்ளி, இறக்கினோம். வெளியூரிலிருந்து வந்த என் மச்சான், "என்னா மாமா, இந்தத் தெருவுல எல்லாரும் திருடங்க மாதிரியே வீட்டுக்குள்ள போறீங்க?" என்றான்.

முதல் சில வாரம் பெரிய மாற்றம் இல்லை. அந்தத் தவிப்பில் அண்ணன் முருகனிடம் போய்விட்டார். ரோஸி ஒரு நாள் முழுக்க அழாமல் இருந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம். கையோடு அதன் பெயரில் ஒரு அர்ச்சனையும் செய்யப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"பேர்?" என்றார் குருக்கள்.

"ரோஸி."

"நட்சத்திரம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். கடைசியில், ரோஸி வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லி, "அன்னிக்கு என்னா நட்சத்திரமோ அதைப் போடுங்க சாமி" என்றார். குருக்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி அஸ்தம் என்றார். பேத்திக்கா என்று கேட்டார். அண்ணன் ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, ஒருநாள் ரோஸி அழவில்லை. மறுநாளும் அழவில்லை. பாக் மான் வீட்டுச் சேவலைப் பார்த்துக் குரைத்தது. தெருவே வெளியே வந்து அந்தக் குரைப்பைக் கேட்டது.

"மருந்தாண்ணே, முருகனாண்ணே?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட் தம்பி."

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் முன்பே விரதம் தொடங்கினார். அண்ணனின் விரதத்தில் அரைகுறை கிடையாது. காலில் செருப்பில்லை. வீட்டில் கவிச்சி இல்லை. ஈரல் அவித்த சட்டியைக்கூடக் கழுவி என் வீட்டில் கொண்டு வந்து வைத்துவிட்டார். ரோஸிக்கும் சோறு, பூசணி, பருப்பு. மாத்திரை இப்போது வாழைப்பழத்துக்குள் போனது. ரோஸி அதை வாங்கி, வாயை மூடி, தாடையை அசைத்து, பக்திமானாகப் போய் பூட்ஸின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா, அதுவும் விரதம் இருக்கு" என்று பூரித்துப் போனார்.

பத்து நாள் போயிருக்கும். காற்றைச் சொறிவது திரும்பி வந்தது. அடுத்து அந்த வீறிடல் வந்தது. அண்ணன் டாக்டரிடம் ஓடினார்.

"மாத்திரை உள்ள போகுதா அங்கிள்?"

"என் கையால குடுக்கறேன் டாக்டர். என் கண்ணு முன்னால முழுங்குது."

டாக்டர் அளவை ஏற்றினார். பலனில்லை. கூட ஒரு மருந்து சேர்த்தார். அதுவும் வாழைப்பழத்தில்தான் போனது. பலனில்லை. "இதுக்கும் கேக்கலன்னா உக்காந்து பேசணும் அங்கிள்" என்றார் டாக்டர். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தெருவில் யாருடைய காரும் அவருடைய சைகையால் பின்னால் போகவில்லை. நான் ஒருநாள் வேண்டுமென்றே காரைக் கோணலாக எடுத்துப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ரோஸி தண்ணீர்க் கிண்ணத்துக்குக் குனியும்போதெல்லாம் முனகியது. அவர் கிண்ணத்தைக் கையில் பிடித்து அதன் வாயருகே உயர்த்திக் காட்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாலை வேலி ஓரத்துக்கு வந்தார்.

"சனிக்கிழமை காலையில கிளினிக் வரைக்கும் கார்ல கொண்டு போய் விடுறீங்களா தம்பி? என்னால அன்னிக்கு வண்டி ஓட்ட முடியாது."

"எதுக்குண்ணே?"

"தூக்குன லோடை அந்தரத்துல தொங்க விட்டுட்டு ஆபரேட்டர் எழுந்து போகக் கூடாது. நான் எத்தனை பேருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். இதை இப்படியே வலியில தொங்க விட்டுட்டு, நான் விரதம், பால்குடம்னு பேசிக்கிட்டு இருக்கேன். டாக்டர் ஒரு ஊசி போட்டா வலியில்லாம தூங்கிடும். இறக்கி வச்சிடலாம் தம்பி. மெதுவா."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

சனிக்கிழமை காரை அவர் வாசலில் நிறுத்தினேன். ரோஸியைத் தூக்கிப் பின்சீட்டில் துண்டு விரித்துப் படுக்க வைத்தார். இந்த முறை உத்தரவு எதுவும் வாயில் வரவில்லை. கார்க் கதவை மூடப் போனவர் நின்றார்.

"அது தலகாணி இல்லாம தூங்காது" என்று திரும்பிப் போய், போர்ச்சிலிருந்து அந்தப் பூட்ஸை எடுத்தார்.

பூட்ஸ் கலகலவென்றது.

அண்ணன் அதை ஒருமுறை குலுக்கினார். மறுபடியும் கலகல. தலைகீழாகக் கவிழ்த்தார். வெள்ளையும் மஞ்சளுமாக மாத்திரைகள் சிமெண்டுத் தரையில் கொட்டின. சில காய்ந்த வாழைப்பழத்தோடு ஒட்டி, எறும்பு மொய்த்துக் கிடந்தன. எத்தனை வேளை வாழைப்பழத்தை மட்டும் பிரசாதமாகச் சாப்பிட்டுவிட்டு, மருந்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்து உள்ளே துப்பியதோ! விரதக்காரர் அந்தப் பூட்ஸில் காலை விட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். வெறுங்காலோடு நடந்ததில் யாருக்கும் தெரியவில்லை.

"அலமாக்!" என்றார் அண்ணன். அப்படியே தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அழுகை.

கிளினிக்குக்குப் போகாமல் இருக்கவில்லை. மடியில் ரோஸியும் கையில் பூட்ஸுமாகப் போனோம். டாக்டர் பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்; அப்புறம் ரோஸியைப் பார்த்தார்; வாயைக் கையால் மூடிக்கொண்டு திரும்பி நின்று சிரித்தார். பிறகு டாக்டராகிவிட்டார்.

"சீட்டுல இருக்கற அளவை இன்னிக்கே ஒரேயடியா குடுத்துடாதீங்க. கொஞ்சத்துல ஆரம்பிச்சு மறுபடி ஏத்துவோம். இது போன தடவை கேட்ட மருந்துதானே அங்கிள், இப்பவும் கேக்கும். உள்ள மட்டும் போகணும். பழைய மாதிரி ஈரல்லயே குடுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணன் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டு வந்தார். தைப்பூசம் இன்னும் வரவில்லை. விரத வீட்டில் ஈரலா? விரதத்தை முறித்தால், ரோஸிக்காக வைத்த வேண்டுதலையே முறித்ததாக ஆகும். என் வீட்டில் சமைக்கலாம் என்றேன். பகலெல்லாம் எங்கள் வீடு பூட்டிக் கிடக்குமே என்றார். அதுவும் உண்மைதான்.

வாசலில் நாங்கள் இறங்கியபோது, அவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆ சோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வயதான சீன அம்மா. காலையில் நாங்கள் எதற்குக் கிளம்பினோம் என்பது அவருக்குத் தெரியும். ரோஸி உயிரோடு திரும்பியதைப் பார்த்துக் குழாயைக் கீழே போட்டுவிட்டார். அண்ணன் பாதி மலாயிலும் பாதி அபிநயத்திலும் பூட்ஸ் கதையைச் சொல்லி முடிக்க, ஆ சோ இரண்டு கைகளையும் வேலிக்கு மேல் நீட்டினார்.

"மாரி லா! சாயா காசி மாக்கான்."

கொண்டா இங்கே, நான் ஊட்டுகிறேன் என்றார். அவ்வளவுதான். தைப்பூசம் வரைக்கும் வேளை தவறாமல் அந்த வேலி மேல் போக்குவரத்து நடந்தது. அண்ணன் ரோஸியைத் தூக்குவார். "ஸ்லோ... ஸ்லோ..." ஆ சோ அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வார். ஈரலில் மாத்திரை போகும். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி, "சூடா?" என்பார். மலாயில் முடிந்ததா என்று கேட்கிறாராம். ஆ சோ ரோஸியின் வாயை விரலால் திறந்து பார்த்து, ஈரத் துணியால் துடைத்து, சுத்த சைவமாக்கித் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவு கச்சிதமாக ஒரு கண்டெய்னர்கூடக் கைமாறியிருக்காது.

மருந்து மறுபடி ஏறியது. வலி மறுபடி இறங்கியது. தைப்பூசத்தன்று அண்ணன் வெறுங்காலோடு பால்குடம் எடுத்தார். கோயில் வாசலில் குருக்கள் அவரை அடையாளம் கண்டு, "ரோஸி, அஸ்தம். பேத்திக்கு எப்படி இருக்கு?" என்றார். "தூங்குது சாமி" என்று சொன்னவர் முகத்தை நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் ரோஸி இருந்தது. கடைசி நாள் வரை மாத்திரை நிற்கவில்லை. வலியும் முழுசாகப் போகவில்லை. மழைக்காலத்தில் கொஞ்சம் முனகும், மறுபடி சேவலைப் பார்த்துக் குரைக்கும். நல்லாவது என்பது இதுதான் என்று அண்ணன் ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு, பூட்ஸின் மேல் தலையை வைத்துப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. யாரும் இறக்கி வைக்க வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே மெதுவாக இறங்கிக்கொண்டது.

போன மாதம் அண்ணன் மகள் வீட்டுக்கே போய்விட்டார். சாமான் ஏற்ற வந்த லோரியை நடுத்தெருவில் நின்று, கையை உயர்த்தி, விரலைச் சுழற்றி அவரே பின்னால் எடுக்க வைத்தார். லோரி டிரைவரின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் அந்தப் பூட்ஸ். அவர் வீட்டுக் கேட்டை நான் மூடினேன். பாழாய்ப்போன கண்ணீரில் எதுவும் தெரியாமல் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது; லோரி ஜன்னலிலிருந்து தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, மெதுவா."

"ரோஸிதான் இல்லையேண்ணே."

"தெரியும். இருந்தாலும்..."

லோரி போய்விட்டது. பாக் மான் இன்னும் தெரு முனையில் மோட்டாரை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வருகிறார். நானும் தினமும் கேட்டைத் தூக்கி, தள்ளி, மெதுவாக இறக்கிவிட்டு, பக்கத்துப் போர்ச்சை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.