ஏழு கிலோவை எதிர்த்து ஓர் உண்ணாவிரதம்

அறுபத்தெட்டு கிலோவுக்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்க முடியாது என்று தலைவர் அறிவித்தார். அறிவித்தது மருத்துவமனையின் எடை இயந்திரத்தின் மேல் நின்றபடி. இயந்திரம் நூற்று முப்பத்தெட்டு காட்டிக்கொண்டிருந்தது.

தலைவர் என்றால் பஸ் பணிமனைத் தொழிற்சங்கத்தின் முன்னாள் தலைவர். பதவி போய்விட்டது, பட்டம் போகவில்லை. சங்க அலுவலகம் இரண்டாவது மாடியில். அந்தப் படி ஏற முடியாமல்தான் பதவியே போனது. கூட்டத்துக்கு வராதவர் என்று புதுச் செயலாளர் ஒரு தீர்மானத்தில் கதையை முடித்துவிட்டான். போதாததற்குத் தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. அடுத்த மூச்சு வருமா என்று பக்கத்தில் மனைவி விழித்துக் கிடக்கிறாள். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு அவரை இழுத்து வந்தது அவள்தான்.

"ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷத்துல நூறு கிலோவுக்கு வந்தீங்கன்னா அது நல்ல முடிவு," என்றார் டாக்டரம்மா. "தூக்கத்துல மூச்சு நிக்காது. முட்டி வலி குறையும். மாடி ஏறலாம்."

"நூறா? அது நிர்வாகம் சொல்ற முதல் தொகை. நான் முதல் வேலைநிறுத்தம் நடத்தினப்ப அறுபத்தெட்டு. அந்த போட்டோ இன்னும் சங்கத்துல தொங்குது."

"அப்ப என்ன வயசு உங்களுக்கு?"

"இருபத்தாறு."

"வயசைக் குறைக்கிற ஆபரேஷன் நான் படிக்கலீங்க."

மனைவி இருமினாள்.

"இன்னொண்ணு," என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷனுக்கு முன்னாடி ஏழு கிலோ குறைச்சுக்கிட்டு வரணும். கல்லீரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. அது சுருங்கினாத்தான் உள்ள வேலை பார்க்க இடம் கிடைக்கும். ஏழு குறையலைன்னா தேதி தர மாட்டேன்."

"எடை குறைக்கத்தானே உங்ககிட்ட வந்தேன்? நானே குறைச்சுக்கிட்டு வரணும்னா நீங்க எதுக்கு? முன்னாடி கேக்கறது அதிகம், பின்னாடி கொடுக்கறது கம்மி. இந்த மாதிரி ஒப்பந்தத்தை எத்தனை தடவை கிழிச்சுப் போட்டிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு வெளிநடப்பு செய்தார். பாதி வெளிநடப்பில் மூச்சு வாங்கியது. நடைகூடத்து நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்து, மீதி வெளிநடப்பைப் பிறகு செய்து முடித்தார். அந்த நேரத்தில் உணவு ஆலோசகர் உள்ளே வந்து, ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். மனைவி கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள்.

கேட்டுப் பழகியவள் அவள். அதே பணிமனையின் நிர்வாக அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக் காலத்தில் அவர் கீழே கோஷம் போடுவார். அதற்கு நிர்வாகத்தின் பதிலை அவள் மேலே டைப் அடிப்பாள். சாயங்காலம் இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தலைவர் முடிவைச் சொன்னார். "நாளைக் காலையிலேருந்து காலவரையற்ற உண்ணாவிரதம்."

"யாரை எதிர்த்து?"

"டாக்டரை எதிர்த்து. கோரிக்கை ரெண்டு. முன்னாடி ஏழு கிலோங்கற நிபந்தனை ரத்தாகணும். பின்னாடி அறுபத்தெட்டுன்னு உறுதி கொடுக்கணும்."

மனைவி எழுந்துபோய் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் சரிசெய்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஏழு கிலோ குறைக்க மாட்டேன் என்கிற மனிதன் அதற்காகப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? யோசிக்க ஒரு நிமிஷம் போதும். தலைவருக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை. தட்டி எழுத வேண்டியிருந்தது. தவிர, உண்ணாவிரதம் என்றால் எதிராளி இளைப்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"தண்ணி குடிக்கலாமாங்க?" என்றாள் திரும்பி.

"தாராளமா."

"தண்ணில கொஞ்சம் பொடி கலந்தா?"

தலைவர் யோசிக்கவில்லை. முன்பு ஒரு வாயிற்கூட்ட உண்ணாவிரதத்தில் சங்கப் பொருளாளர் பால் குடிக்கும்போது பிடிபட்டார். மெல்லாதது எதுவும் உணவாகாது என்று அன்றைக்குத் தலைவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பைக் கேலி செய்து நிர்வாகம் விட்ட அறிக்கையை டைப் அடித்தவளே அவள்தான்.

"மெல்லக் கூடாது. அவ்வளவுதான்."

"உங்க கொள்கைக்கு நான் குறுக்க நிப்பேனா," என்றாள்.

மறுநாள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பியில் தட்டி தொங்கியது: 'அறுபத்தெட்டே தீர்வு.' எதிர்வீட்டில் ஒரு பேங்க் கேஷியர். அவர் தட்டியைப் படித்தார்; தலைவரைப் பார்த்தார்; மறுபடி தட்டியைப் படித்தார்.

"வீட்டம்மாவோட சண்டைங்களா?"

"டாக்டரோட."

"டாக்டர் இந்தத் தெருவுல வருவாங்களா?"

"வர மாட்டாங்க. செய்தி போகும்."

"போகும் போகும்," என்று கேஷியர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேளாவேளைக்குப் பெரிய டம்ளரில் பொடி கலந்த தண்ணீர் வந்தது. இடையில் தெளிந்த சூப் வந்தது. எதையும் மெல்ல வேண்டியிருக்கவில்லை, கொள்கைக்கும் பழுதில்லை. சாயங்காலமானால் மனைவி செருப்பை எடுத்து வைத்தாள்.

"எங்க?"

"ஊர்வலம் இல்லாம போராட்டமா? தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம், எழுந்திருங்க."

ஊர்வலத்தில் இரண்டே பேர். ஒருவர் தலைமை தாங்கினார். மற்றவர் அவர் கையைத் தாங்கினார்.

நாலைந்து நாளில் தலைவருக்குப் போராட்டம் கசந்தது. எதிர்வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை பால்கனிக்கு நேரே வந்தது. நிர்வாகத்தின் கைக்கூலி கேஷியர்தான் என்று அவருக்குச் சந்தேகமில்லை.

"டாக்டர்கிட்டேருந்து ஏதாவது தகவல் உண்டா?"

"இல்லீங்க. அவங்க பிடிச்ச பிடியில இருக்காங்க போல."

"எழுபத்தஞ்சுன்னா ஒத்துக்கலாம்னு பாக்கறேன். பெருந்தன்மையா."

"அறுபத்தெட்டுன்னு பெரிய எழுத்துல எழுதித் தொங்கவிட்டுட்டு எழுபத்தஞ்சுக்கு இறங்கினா, புதுச் செயலாளர் என்ன பேசுவான்? கிழவரு ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கலைன்னு பேசுவான்."

"பேசுவான். பேசக்கூடிய பயதான்."

"இந்தாங்க, டம்ளர்."

தலைவர் வாங்கிக் குடித்தார். துரோகிகளை நினைத்துக்கொண்டு குடித்ததால் உள்ளே இறங்கியது.

இரண்டாவது வாரம் முடியும்போது அவள் வந்து சொன்னாள். "பேச்சுவார்த்தைக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

தலைவர் நிமிர்ந்தார். "இறங்கி வந்துட்டாங்களா?"

"கிளம்புங்க, பாத்துக்கலாம்."

டாக்டரம்மா அவரை முதலில் எடை இயந்திரத்தில் ஏறச் சொன்னார். பேச்சுவார்த்தைக்கு முந்தைய மரியாதை என்று தலைவர் ஏறினார். நூற்று முப்பது.

"எட்டு கிலோ," என்றார் டாக்டரம்மா. "கேட்டதுக்கு மேலயே ஒண்ணு. ஸ்கேன்ல கல்லீரலும் சரியா இருந்தா புதன்கிழமை ஆபரேஷன்."

"அது இருக்கட்டும். எங்க கோரிக்கை என்னாச்சு?"

"என்ன கோரிக்கை?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த இரைப்பைப் படத்தைப் பார்த்தாள்.

"அறுபத்தெட்டு," என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்காக அறுபத்தெட்டுன்னு எழுதறேன்னு வைங்க. ஒன்றரை வருஷத்துல நூறுக்கு வருவீங்க. மாடி ஏறுவீங்க, நிம்மதியா தூங்குவீங்க. ஆனா தோத்துட்டோம்னு நினைப்பீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பாடுன்னு பழையபடி ஆரம்பிப்பீங்க. ஜெயிச்சவங்க தோத்த முகத்தோட இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்ததை நான் நிறையப் பாத்திருக்கேன்."

அந்த முகங்களைத் தலைவருக்குத் தெரியும். முன்பு ஒரு தடவை சம்பளத்தை இரட்டிப்பாக்குவேன் என்று வாயிலில் முழங்கி, மூன்றில் ஒரு பங்கு உயர்வு வாங்கிவந்தார். எந்தப் பணிமனையிலும் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. தொழிலாளிகள் அவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனார்கள். அவர் முழக்கம்தான் அவர்களுக்கு அந்த வெற்றியைத் தோல்வியாக்கிக் கொடுத்தது.

"நூறு," என்றார் கடைசியில். "எழுதிக்கோங்க."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். பல மாதமாக அடக்கிவைத்திருந்த மூச்சு போலிருந்தது.

நடைகூடத்து நாற்காலியில் இந்த முறை தலைவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"நான் போராடினதே டாக்டருக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அந்தப் பொடி?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் சாப்பாட்டுக்குப் பதிலா கொடுக்கறதுதான். பொடி, சூப்பு, சாயங்கால நடை. நீங்க வெளிநடப்பு செஞ்சப்ப உள்ள அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

தலைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு வாரமா பால்கனியில நான் இருந்தது உண்ணாவிரதம் இல்லையா?"

"இல்லீங்க," என்றாள் மனைவி. "பத்தியம்."