பதினான்காம் எண் டப்பா

திருச்செல்வம் பதினான்காம் எண் டப்பாவைத் திறந்தார். வெள்ளை முதுகோடு இருக்க வேண்டிய வண்டு, கறுகறுவென்று கொம்பை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஜொகூரில் செடெனாக் பக்கம், செம்பனை மரங்களைத் தின்னும் பூச்சிகளை ஆராயும் கூடம் அது. ஒன்பது வருடம் பைக்கில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் முதுகு தேய்ந்தவருக்கு, நாற்பத்திரண்டு வயதில் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்த உதவியாளர் வேலை. திங்கட்கிழமை அதை நிரந்தரமாக்குவதாக டாக்டர் வினிஃப்ரெட் சொல்லியிருந்தார்.

காலையில்கூட அவர் படித்துப் படித்துச் சொன்னார். "செல்வம், புழுவுக்கு ஒரு தோலு, கூட்டுப்புழுவுக்கு ஒரு தோலு, வண்டுக்கு ஒரு ஓடு. எந்த ஜீன் எப்ப முழிச்சு அந்தந்தப் புரதத்தச் செய்யுதுன்னுதான் நம்ம ஆராய்ச்சியே. பதினாலு இன்னிக்கு வெளிய வந்துரும். முதுகு வெள்ளையா, மெத்துன்னு இருக்கும். அப்பவே எடுத்து நைட்ரஜன்ல போட்டு உறைய வெச்சிறணும். ஓடு இறுகிருச்சுன்னா அவ்ளோதான்."

"நான் எங்கயும் நகர மாட்டேன் டாக்டர்."

நகரவில்லைதான், பன்னிரண்டரை வரை. அப்புறம் ஒரே ஒரு தே தாரிக்குக்காக எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம்.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தவர், மனைவிக்குப் போன் செய்தார்.

"சாந்தினி, கறுத்துப்போனத வெளுக்க வைக்கிறதுக்கு என்ன போடுவ?"

"எந்தச் சட்ட?"

"சட்ட இல்ல. முதுகு."



"யாரு முதுகு?"

"ஐயோ, காலையில வெள்ளையா மெத்துன்னு வரும்னு டாக்டர் சொன்னாங்க, நான்தான் பாக்காம விட்டுட்டேன்..."

"வீட்டுக்கு வாங்க. பேசிக்கலாம்." போன் துண்டிக்கப்பட்டது.

இனி ஒரே வழிதான். கறுப்பை ஒளித்துவிட்டுப் பதினைந்தாம் டப்பாவின் கூட்டுப்புழுவைப் பதினான்காக்கிவிட வேண்டும். வண்டை வெளியே எடுத்தார். அது 'விர்ர்' என்று கையை விட்டுக் கிளம்பி, விளக்கில் மோதி, சுவரிலிருந்த ஏர்கோன் பெட்டி மேல் போய் உட்கார்ந்துகொண்டது. துடைப்பத்தை எடுத்து ஓங்கினார். வண்டு அசையவில்லை. பின்னாலிருந்த தட்டுதான் சரிந்தது.

ஏழு டப்பாக்கள் தரையில். மூடிகள் ஒரு பக்கம், கூட்டுப்புழுக்கள் ஒரு பக்கம். எண்ணும் தேதியும் மூடிகளில்தான் எழுதியிருந்தன. ஏழும் ஏழு வெவ்வேறு வயது. பார்க்க ஏழும் ஒரே மாதிரி.

திருச்செல்வம் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பெரிதாக இருப்பது மூத்தது, சின்னது இளையது என்று ஒரு நியாயம் வைத்து வரிசையாக அடுக்கினார். கடைசியில் மூடிகள் ஏழு, கூட்டுப்புழுக்கள் ஆறு. ஏழாவதை அலமாரிக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே இரண்டு காலணிகள் வந்து நின்றன.

டாக்டர் வினிஃப்ரெட். ஜொகூர் பாருவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தவர்; அது சீக்கிரமே முடிந்துவிட்டதாம்.

"என்ன செல்வம் இது?"

எழுந்து நின்றார். பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"டீ குடிக்கப் போயி மழையில ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டேன் டாக்டர். வந்து பாத்தா பதினாலு கறுத்துப்போச்சு. அத மறைக்கப் போயிதான் இவ்வளவும். வேலைய விட்டு நிறுத்திருங்க. நான் பாலத்துக்கே போயிர்றேன்."

வினிஃப்ரெட் திட்டவில்லை. நெற்றியைச் சுருக்கினார். "எவ்ளோ கறுப்பு?"

"கறுகறுன்னு. அதோ, ஏர்கோன் மேல."

"ஒரு மணி நேரத்துலயா? அப்படிக் கறுக்கிறதுக்குப் பல நாள் ஆகுமே, செல்வம்!"

திருச்செல்வம் அண்ணாந்து வண்டைப் பார்த்தார். பதினொரு வருடமாக அந்தக் கூடத்தைத் துடைத்துப் பெருக்கும் அங்கம்மா, வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி டீக்குப் போன நேரத்துல வெள்ள வண்டு வந்துச்சு, வந்தவொடனே நானே எடுத்து நைட்ரஜன்ல போட்டுட்டேன் டாக்டர், டப்பா காலியா கெடந்தா தம்பி பதறிப்போயிருமேன்னுதான், வாசல்ல கெடந்த கறுப்பு ஒன்னப் புடிச்சு உள்ள வெச்சேன்."