மாயாவி ரைட்டர்

பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகத் தெரிந்தவர் இந்தச் சேர்வராயன் மலையில் ஒருவர்தான். கொட்டச்சேட்டுப் பக்கம் எங்கள் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பை மேற்பார்வை பார்த்த ரைட்டர். பழம் பறிக்கும் பெண்கள் நாங்கள் வைத்த பெயர் மாயாவி.

ஏதோ கேட்க வாயெடுப்பார். கேள்வி முடியுமுன் ஆள் செடிக்குள் போயிருப்பார். அரைமணிக்கு ஒருதரம் இப்படி. பச்சைக்காயை உருவுகிறோமா என்று ஒளிந்து வேவு பார்க்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். எந்தச் செடிக்குப் பின்னால் நிற்கிறாரோ என்ற பயத்தில் பழுத்ததாகப் பார்த்துப் பறித்தோம். இத்தனை சுத்தமான பழம் எங்கும் இல்லை என்று முதலாளி மெச்சினார். மெச்சியதோடு விட்டாரா? இவ்வளவு கண்டிப்பானவர்தான் இனி தினமும் காப்பி லாரியோடு சேலம் போகவேண்டும் என்றார்.

ரைட்டர் மாட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் லாரி ஏறு, இல்லையென்றால் வேலையை விடு என்று முதலாளி முடித்துவிட்டார்.

மத்தியானச் சோற்றுக்குக்கூட அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். நேராகவே கேட்டேன்.

"ஏனுங்க ரைட்டரே, ஒண்ணுக்கு அடக்க முடியலீங்களா?"

அவர் சுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுங்க அம்மணி. வந்துட்டா ஒரு நிமிசம் நிக்காது. இருபது கொண்டை ஊசி வளைவு. லாரியில எப்படிப் போவேன்?"

"டாக்டரைப் பாருங்க."

"பொம்பளைங்களுக்கு வர்றதுங்க இது. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க."

"எங்களுக்கு வந்தா நாங்க சிரிச்சுட்டா இருக்கறோம்?"

மறுநாளே போனார். சர்க்கரை இல்லை, வயசான ஆண்களுக்கு வீங்கும் சுரப்பியும் சரியாக இருந்தது. சிறுநீர்ப்பைதான் நிறையுமுன்பே சுருங்கி அவசரப்படுத்துகிறதாம். தண்ணீரை நிறுத்தினால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் உறுத்துமாம். மாத்திரை கொடுத்து, முட்டும்போது சில நிமிடம் பொறுத்துப் பழகச் சொன்னார் டாக்டர். அதையெல்லாம் தாங்கிக்கொண்டவர், காப்பியைக் குறை என்றதும்தான் இடிந்துபோனார். ஒரு நாளைக்கு எட்டு டம்ளர் குடிக்கிற மனிதர்.

பொறுத்துப் பழகும்போது கால்மேல் கால் பின்னி, வானத்தைப் பார்த்து, சிலைபோல் நிற்பார். நாங்களும் பேச்சை நிறுத்திவிடுவோம். அவர் மூச்சு விட்டு நடந்த பிறகுதான் கை மறுபடி பழத்துக்குப் போகும்.

மாதக் கடைசியில் லாரி ஏறினார். வழியில் இரண்டே தடவை இறங்கியதாக அவரே வந்து சொன்னார், பரீட்சை மார்க் சொல்வதைப் போல.

அவர் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் ரைட்டர் நாள் முழுக்கக் கண்முன்னாலேயே நிற்கிறார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் நாங்கள் அத்தனை பேரும் ரோட்டைத்தான் பார்க்கிறோம்.