நாற்பத்தொரு நொடி

"ஏழு மேஜை! மேஜைக்கு ஆறு நொடி! மொத்தம் நாப்பத்திரண்டு!" என்று காலையில் சமையலறையில் உட்கார்ந்து கத்தினார் வென்டல் சுன்ட்கார்ட்.

முட்டை பொரித்துக்கொண்டிருந்த மனைவி ஆர்டிஸ் திரும்பிப் பார்த்தார். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருஷத்தில், "காப்பி இருக்கா?" என்பதற்கு மேல் காலையில் வாய் திறக்காத மனுஷர்.

"எந்த மேஜை?"

"தண்ணி மேஜைதான். சனிக்கிழமை ஓடறப்போ நின்னு நின்னு குடிச்சேன் பாரு, அதுலதான் போச்சு."

போனது பாஸ்டன். அந்த மாரத்தானில் ஓட வேண்டுமென்றால், ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள ஆண்கள் வேறொரு மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். ஐம்பத்தொன்பது வயது வென்டல், தன் ஊரான டுலூத்தின் ஏரிக்கரையில் ஜூன் மாதம் ஓடி முடித்தபோது கடிகாரம் நாற்பத்தொரு நொடி கூடுதலாகக் காட்டியது. செப்டம்பரில் பாஸ்டன் பதிவு தொடங்குவதற்குள் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருந்தது. ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் ஒரு சிற்றூர் நடத்தும் மாரத்தான்.

"யாராவது தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பாரேன்."

"நாப்பது வருஷம் கப்பல்ல இரும்புத் தாது ஏத்தினவன் நான். ஒரு கூட்டல் கழித்தலுக்கு ஊரைக் கேக்கணுமா?"

தண்ணீரைத் தானே சுமந்து ஓடுவது என்று முடிவாயிற்று. இடுப்பு வாரில் நான்கு புட்டிகள் தொங்கின. இரண்டாவது மைலில் வார் நழுவியது. தனியாக நழுவாமல் கால்சட்டையையும் கூட்டிக்கொண்டு நழுவியது. அது ஞாயிற்றுக்கிழமை. லூத்தரன் தேவாலயத்திலிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. போதகர் மட்டும் கண்ணியமாக வானத்தைப் பார்த்தார்.

"தண்ணிய நான் கொண்டு வரேன்" என்றார் ஆர்டிஸ்.

"நீயா? எப்படி?"

"சைக்கிள்ல."

ஆர்டிஸ் சைக்கிளைத் தொட்டு முப்பது வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் பக்கத்து வீட்டு லைலாக் புதருக்குள் போய் இறங்கினார். வென்டல் அவரை வெளியே இழுத்தெடுத்து, முடியிலிருந்த இலைகளைப் பொறுக்கியதில் பதினெட்டு நிமிஷம் போயிற்று.

ஒரு வாரத்தில் சைக்கிள் நேரானது. பேச்சும் ஆரம்பித்தது. பீட்டர்சன் வீட்டு விவாகரத்து, அலாஸ்காவில் இருக்கும் மகள் வாங்கப்போகும் நாய், போன வருஷம் தோட்டத்தில் விளைந்த ருபார்ப் தண்டு ஏன் அவ்வளவு கசந்தது என்று எல்லாம் வந்தது. பதில் சொன்னால் வென்டலுக்கு மூச்சு வாங்கியது. சொல்லாவிட்டால் ஆர்டிஸ் மணியடித்தார்.

"என்னத்துக்கு மணி?"

"உயிரோட இருக்கியான்னு பாக்கத்தான்."

ஒவ்வொரு மைலும் இருபது நொடி தாமதமானது. வென்டல் ஏழு மணி ஓட்டத்தை ஐந்து மணிக்கு மாற்றினார். யாருக்கும் சொல்லாமல் பூனைபோல் கதவைத் திறந்தால், வாசலில் தலைக்கவசத்தோடு ஆர்டிஸ் நின்றிருந்தார்.

"லேட்டு" என்றார்.

கடைசியாக வென்டல் மேட்டுத் தெருக்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஏற்றத்தில் எந்த சைக்கிளும் ஏறாது. அவர் நினைத்தது சரிதான், ஏறவில்லை. பாதி வழியில் ஆர்டிஸ் இறங்கி நின்று மூச்சிரைத்தார். விட்டுவிட்டுப் போக வென்டலுக்கு மனம் வரவில்லை. திரும்பி இறங்கி வந்தார். பாஸ்டனுக்குப் போக வேண்டியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேற, தண்ணீர் கொடுக்க வேண்டியவர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தார்.

உச்சியில் ஒரு சுவரில் உட்கார்ந்தார்கள். கீழே ஏரி. தாதுக் கப்பல் ஒன்று துறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அப்படி என்னதான் இருக்கு அந்த பாஸ்டன்ல?" என்று கேட்டார் ஆர்டிஸ்.

வென்டல் கப்பலைக் காட்டினார்.

"முன்னெல்லாம் நான் அஞ்சு நிமிஷம் தாமதமா போனா ஒரு கப்பலே காத்து நிக்கும். இப்ப நான் நாள் பூரா படுத்துக் கிடந்தாலும் கேக்க ஆளில்ல. ஏதாவது ஒரு ஊர்ல, ஏதாவது ஒரு தாள்ல, இந்த நேரத்துக்கு இவன் வரணும்னு என் பேர் இருந்தா நல்லாருக்கும்னு தோணுது, ஆர்டிஸ்."

ஆர்டிஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு புட்டியை நீட்டினார். "மிச்சம் ரெண்டு வாய் இருக்கு. குடி."

அதற்குப் பிறகு வென்டல் தப்பித்து ஓடவில்லை. ஆகஸ்டு முழுக்கப் பேசிக்கொண்டே ஓடினார். கூட வேலை பார்த்து இறந்துபோன நண்பனைப் பற்றி, மகளோடு ஒருமுறை போட்ட சண்டையைப் பற்றி, முப்பத்தைந்து வருஷ மணவாழ்க்கையில் சொல்லாததையெல்லாம் சொன்னார். நேரக் கணக்கு மட்டும் வாரா வாரம் மோசமாகிக்கொண்டே போனது.

செப்டம்பர் ஓட்டத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. இருபதாவது மைல் வரை வென்டல் அம்புபோலப் போனார். கையில் இரண்டு நிமிஷம் மிச்சம்கூட இருந்தது. ஆனால் பக்கத்தில் யாரும் பேசாதது காதை அடைத்தது. இருபதாவது மைலில், கையில் புட்டியோடு ஆர்டிஸ் நின்றிருந்தார்.

"ஓடு, ஓடு! நிக்காத!"

"நிக்கல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன். வழியில ஒரு வாத்து, பின்னாலயே பதினொரு குஞ்சு, ரோட்ட மறிச்சு..."

"வென்டல்!"

"எண்ணிப் பாத்தேன். பதினொண்ணு!"

வாத்துக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பி, மூன்று மணி முப்பத்தாறு நிமிஷத்தில் முடித்தார். வருத்தம் வரும் என்று காத்திருந்தார், பசிதான் வந்தது. இருவரும் சாலையோரக் கடையில் ஆளுக்கு இரண்டு துண்டு ஆப்பிள் பை சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை, பாஸ்டன் பதிவு தொடங்கிய அன்று, ஊர் ஓட்டக் கழகத்தின் செயலாளர் அய்லி கோர்பெலாவிடம் தன் நேரத்தைப் பதியப் போனார் வென்டல். எழுபது வயது அய்லி, கழகத்தில் எல்லாருடைய ஓட்டத்தையும் எழுதி வைப்பவர்.

"பாஸ்டன் போச்சு அய்லி. இனி அடுத்த வருஷம்தான்."

அய்லி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்ன போச்சு? உங்க பிறந்த நாள் பிப்ரவரியிலதானே?"

"பிப்ரவரி பன்னிரண்டு."

"பாஸ்டன் ஓட்டம் ஏப்ரல்ல. அன்னிக்கு என்ன வயசோ அதைத்தான் கணக்குல எடுப்பாங்க. அன்னிக்கு உங்களுக்கு அறுபது. அறுபதுக்கு மூணு மணி அம்பது நிமிஷம். ஜூன்லயே நீங்க பத்தொம்பது நிமிஷம் முன்னால வந்தாச்சு, மனுஷா!"

வென்டல் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். அந்தப் புதர், அந்த மேடு, அந்த ஐந்து மணிக் குளிர் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன.

"அப்போ இந்தக் கோடை முழுக்க நான் ஓடினது தண்டமா? ஒருத்தர்கூட எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லலையா?" என்று வியந்தார் அய்லி. "ஜூன் மாசமே உங்க மனைவி போன் பண்ணிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்களே. 'பதிவு ஆரம்பிக்கறப்போ நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீங்க வாயத் திறக்காதீங்க, நான் இப்பதான் சைக்கிள் வாங்கியிருக்கேன்'னாங்க!"