நெல் தள்ளிய பந்தயக் கார்

கவலைப்படுகிற மனிதனின் கையில் கார் சாவியைக் கொடுக்கக் கூடாது. பந்தயக் கார் சாவியை அவன் கண்ணிலேயே காட்டக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மனிதன் நான்தான்.

புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கி, கயிறு பிடித்து ஒரு சதுரம் கட்டி, அதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து, அதை வைத்து விளைச்சல் எவ்வளவு என்று மேலே எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு ஓய்வு கிடைத்தது. எண்ணுகிற பழக்கத்துக்குக் கிடைக்கவில்லை. தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை எத்தனை வேகத்தடை என்று கேளுங்கள், சொல்கிறேன். (யாரும் கேட்பதில்லை. நானே சொல்லிவிடுவேன்.)

ஓய்வுபெற்றபோது சின்னதாக ஒரு கார் வாங்கினேன். அதை ஐம்பதுக்கு மேல் நான் ஓட்டியதில்லை. அந்தக் காரைத்தான் என் மகள் தேன்மொழி பந்தயத்துக்குத் தயார் செய்தாள். சென்னையில் வாகன உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். ஒரு வருடம், சனி ஞாயிறு தவறாமல் ஊருக்கு வந்து, எங்கள் கார் ஷெட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தாள்.

முதலில் பின்சீட் போனது. பிறகு ஏசி. பிறகு ஸ்டெப்னி, ஜாக்கி, கால்மிதி, கதவுக்குள் இருந்த பஞ்சு. எடை குறைந்தால் வேகம் கூடுமாம். கழற்றியதை எல்லாம் நான் தராசில் வைத்து நிறுத்தேன்: தொண்ணூற்றாறு கிலோ.

“பொண்ணு வண்டிய இளைக்க வைக்கிறா, நீங்க உக்காந்து பாத்தே பெருத்துட்டீங்க. கணக்கு சரியாப் போச்சு” என்றாள் என் மனைவி சரோஜா.

அடுத்து உள்ளே இரும்புக் கூண்டு கட்டினாள், வண்டி கவிழ்ந்தாலும் தலை தப்புவதற்கு. (கவிழுமா என்று நான் பதினோரு முறை கேட்டதாக அவள் சொல்கிறாள். ஒன்பதுதான்.) இன்ஜினைப் பிரித்து மாட்டினாள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினாள். கடைசியாக முன் பம்பருக்கு அடியில், நான்கு விரல்கடை உயரத்தில், கறுப்புப் பெயின்ட் அடித்த ப்ளைவுட் பலகை ஒன்றை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்தினாள். வேகமாகப் போகும்போது காற்று அந்தப் பலகையை அழுத்தும், முன்சக்கரம் ரோட்டை விடாது என்று விளக்கினாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த வண்டிய நீங்க தெருமுனைக்குக்கூட எடுக்கக் கூடாது.”

“நான் ஏம்மா எடுக்கப் போறேன்?”

எடுத்தேன்.

அவளுடைய முதல் பந்தயம் சென்னைக்குப் பக்கத்தில். அதற்கு முந்தின நாள் மதியம் லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போக ஏற்பாடு. மறுநாள் விடிந்ததும் வண்டிப் பரிசோதனை. அங்கே கார் நிற்காவிட்டால் பந்தயத்தில் அவள் பெயர் கிடையாது. ஒரு வருட உழைப்பு கார் ஷெட்டோடு முடிந்துவிடும். அன்று காலை, கூரியரில் வந்த ஹெல்மெட்டை வாங்க அவள் திருச்சிக்குப் பஸ் ஏறினாள். சாவி ஆணியில் தொங்கியது. எனக்குக் கவலை வந்துவிட்டது. குலதெய்வத்துக்குக் காட்டாமல் எந்த வண்டியும் எங்கள் வீட்டில் ஓடியதில்லை. அதிலும் இது கூண்டு கட்டிய வண்டி!

“வாசல்லயே எலுமிச்சம்பழத்த வச்சு ஏத்திட்டாப் போதாதாங்க?” என்றாள் சரோஜா.

“போதாது. பூதலூர்ப் பக்கம்தானே கோயில்? போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.”

(போனது தெருவுக்கே தெரிந்தது. அந்தப் புகைக்குழாயின் சத்தம் அப்படி.)

நான்கு எலுமிச்சம்பழத்தோடு புறப்பட்டேன். சீட் பெல்ட்டே ஐந்து வார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, நடுவில் ஒன்று. மாட்டுவதற்குச் சரோஜா உதவினாள். கழற்றுவது எப்படி என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

வேகத்தடைகளை ஓணான் மாதிரி பக்கவாட்டில் ஏறி இறங்கிக் கடந்தேன். வாய்க்கால் ஓரத்துக் கிராமச் சாலைக்கு வந்ததும் குறுவை நெல் பாதிச் சாலையை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஈரம் அதிகமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள்; வேறு களம் எங்கே இருக்கிறது? எதிரே டிராக்டர் வந்தது. ஒதுங்குவதற்காக நெல்லின் மேல் ஏற்றினேன். எங்கள் பக்கத்தில் அது குற்றமில்லை. பஸ்ஸே ஏறும்.

மற்ற வண்டிகள் நெல்லின் மேல் ஏறி இறங்கும். என் வண்டி ஏறவில்லை. தள்ளியது.

சரசரவென்று சத்தம் கேட்டது. வண்டி கொஞ்சம் திணறுவது போலிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். சாதாரணக் காராக இருந்தால் அங்கேயே நின்று மானத்தைக் காப்பாற்றியிருக்கும். என் மகள் செய்த இன்ஜின் நிற்கவில்லை. கண்ணெதிரே ஒரு நெல் மலை எழும்பி, நம்பர் பிளேட்டை மூடி, ஹெட்லைட்டைத் தொட்டபோதுதான் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கிட்டத்தட்ட நாற்பதடி தூரம் தார் ரோடு பெருக்கி விட்டது போல் பளிச்சென்று கிடந்தது.

முக்காட்டுத் துண்டோடு ஓர் அம்மாள் ஓடி வந்தார். நெல்லுக்குச் சொந்தக்காரர், ராஜாத்தி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“என்னா சார் இது? காரா, புல்டோசரா? எறங்குங்க கீழ!”

“எறங்க முடியலம்மா.”

“ஏன் முடியாது? அவ்ளோ பெரிய மனுஷரா?”

“பெல்ட்டு கழல மாட்டேங்குது.”

எட்டிப் பார்த்தார். கூண்டுக்குள் ஐந்து வாரில் கட்டுண்டு, மடியில் எலுமிச்சம்பழத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“யாரு சார் உங்கள இப்படிக் கட்டிப்போட்டது? வீட்லயா?”

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர், இது சர்க்கார் அனுப்பிய புது மெஷினா என்று விசாரித்தார். அப்போது போன் அடித்தது. தேன்மொழி.

“அப்பா, லாரி வந்துருச்சு. வண்டி எங்க?”

“பத்திரமா இருக்கும்மா.”

“எங்க பத்திரமா இருக்கு?”

“நெல்லுல.”

“அசையாதீங்க, வரேன்” என்றாள். அசைகிற நிலையிலா இருந்தேன்?

அம்மாவிடம் வழி கேட்டுக்கொண்டு லாரியிலேயே வந்து சேர்ந்தாள். கையில் புது ஹெல்மெட். என்னைப் பார்க்கவில்லை; நேரே பலகையைப் பார்த்தாள். ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. ரேடியேட்டர் வாயெல்லாம் நெல். பிறகுதான் என்னிடம் வந்து, நடுவில் இருந்த ஒரு திருகைத் திருப்பினாள். ஐந்து வாரும் ஒரே நேரத்தில் கழன்று விழுந்தன. அதைவிடத் திட்டியிருக்கலாம்.

“மேடம், இப்பக் கெளம்பினாத்தான் சென்னை போய்ச் சேர முடியும்” என்று லாரி டிரைவர் அவசரப்படுத்தினார்.

அந்த நேரம் பார்த்து மேற்கே வானம் கறுத்தது. கூட்டம் அவரவர் நெல்லைப் பார்க்க ஓடியது. ராஜாத்தியின் நெல் இன்னும் நெடுகக் கிடந்தது. அவரும் அவர் மாமியாரும் இரண்டு பேர்தான். நனைந்தால் முளைத்துவிடும். நான் வெறும் கையால் நெல்லை வாரத் தொடங்கினேன். இதற்கு ராத்திரி ஆகும் என்று என் கணக்கு சொன்னது.

தேன்மொழி வானத்தைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

“அக்கா, எந்தப் பக்கம் குவிக்கணும்?” என்றாள்.

“என்ன பாப்பா கேக்கற?”

“சொல்லுங்கக்கா. அப்பா, தள்ளிக்கங்க.”

ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன். நான் முட்டி மோதிய அதே பலகையால், தாரில் உரசாமல், ஒரு மணி சிதறாமல், நெல்லை ஓரத்துக்கு ஒதுக்கினாள். பின்னால் வந்து, திரும்பி, மறுபடி தள்ளினாள். அந்தச் சின்னச் சாலையில் அவள் வளைத்துத் திருப்பியதைப் பார்த்து லாரி டிரைவரே அவசரத்தை மறந்துவிட்டார். “அங்க கொஞ்சம் பாப்பா! ஆங், இந்தப் பக்கம்!” என்று ராஜாத்தி முன்னால் ஓடிக்கொண்டே கைகாட்டினார். ஐந்தே குவியல். ஒவ்வொன்றையும் படுதாவால் இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். கடைசிக் கல்லை வைக்கும்போது என் வழுக்கையில் முதல் சொட்டு விழுந்தது.

காரை லாரியில் ஏற்றும் முன், மழையில் நனைந்துகொண்டே ராஜாத்தி என் எலுமிச்சம்பழங்களைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார்.

“கோயிலுக்குப் போகணும்னு வந்தேம்மா” என்றேன்.

“வெளஞ்ச நெல்லு மேலயே ஏறிடுச்சு. இதுக்கு மேல என்னா சார் பூச? போயிட்டு வா பாப்பா.”

நானும் லாரியில் தொற்றிக்கொண்டேன். (கூப்பிடவில்லை.) வழியெல்லாம் தேன்மொழி பேசவில்லை. விழுப்புரம் தாண்டியதும் திடீரென்று, “‘நெல்லுல’!” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம்தான் எனக்குப் பசித்தது.

விடியும் முன் சேர்ந்துவிட்டோம். பலகையின் விரிசல் விட்ட மூலையை ரம்பத்தால் அறுத்துச் சரிசெய்தாள். பரிசோதகர்கள் காரைத் தூக்கியபோது அடியிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, “என்ன இது?” என்றார்.

“குறுவை, சார்” என்றேன்.

உதிரியாக எதுவும் வண்டியில் இருக்கக் கூடாது என்பது விதியாம். அரை மணி கொடுத்தார்கள். நான் படுத்து, தவழ்ந்து, கூண்டின் இடுக்கில் விரலை விட்டு நெல் பொறுக்கினேன். என் உத்தியோக காலத்தில்கூட அவ்வளவு கவனமாக எடுத்ததில்லை. இரண்டு படி தேறியது.

இருபத்திரண்டு கார் ஓடியதில் தேன்மொழி ஒன்பதாவது. முன்னால் வந்த எட்டும் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் தயாரானவை. நானே ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தேன். கார் ஷெட்டில் செய்த காரில் அவள்தான் முதல். இதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அதனால் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் குறுவை அறுப்பு நேரத்தில் மேகம் திரண்டால் எங்கள் வீட்டில் போன் அடிக்கிறது. ராஜாத்திதான். சரோஜா வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறாள்.

“சார், மழ வர்ற மாரி இருக்கு. அந்த நெல்லு காரு ஊர்லதான் இருக்கா?”

“இருக்கும்மா. எடுத்துட்டு வரட்டுமா?”

“ஐயையோ! நீங்க எடுக்காதீங்க சார். பாப்பா இருந்தா அனுப்புங்க. இல்லன்னா நனஞ்சா நனஞ்சிட்டுப் போகட்டும்.”